பதினைந்தாவது அத்தியாயம்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு,

உறையில் என் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததும் நீ பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. என் சர்க்கரை போன மாதம் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. தாராவுக்குச் சளி விட்டதா? மாப்பிள்ளை எட்வினிடம் அவர் அனுப்பிய மிளகு தீரப்போகிறது என்று சொல்.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்லத்தான் ஐந்து வாரமாக முயன்றேன். ஐந்து வாரமும் கூச்சிங்கில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் சாக்கடை அடைப்பைப் பற்றி நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். "கொஞ்சம் காரமா எழுதுங்க, அப்பத்தான் வருவானுங்க" என்று சொல்லித் தேநீர் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பள்ளியில் படிவம் நான்கில் படித்த ஆங்கிலக் கதையை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்க விட்டேனா? சதுப்பு நிலத்து ஓரத்தில் மாவு ஆலை வைத்திருக்கும் ஒரு தகப்பன். மகள் அவர் பேச்சை மீறி ஒரு மாலுமியோடு போய்விடுகிறாள். ஒரு நாள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அவர் திறக்கவில்லை. அதோடு கதை முற்றும். பரீட்சையில் அவருடைய குணத்தை விவரிக்கச் சொன்னார்கள். "உறுதியான மனிதர்" என்று இரண்டு வரி எழுதினேன். பத்துக்கு ஏழு. என் ஆங்கிலத்துக்கு அதற்கு முன்பும் பின்பும் யாரும் ஏழு போட்டதில்லை. அதனால்தான் நீ பொய் சொல்லும்போதெல்லாம், ஊர் சுற்றும்போதெல்லாம் அந்த ஆலைக்காரரை இழுத்து வந்து உன் முன்னால் நிறுத்தினேன்.

நான் ஜாகாவாகக் காவல் காக்கும் பிரிக்பீல்ட்ஸ் கட்டடத்தில், மூன்றாம் மாடி வக்கீல் ஆபீஸைக் காலி செய்தார்கள். கட்டட அலுவலகத்தில் வேலை பார்க்கும் சல்மா ஒரு பெட்டிப் புத்தகத்தை என் மேசையில் வைத்து, "பழைய பேப்பர்காரன் வந்தா போட்டுடுங்க அங்கிள்" என்றாள். மேலே அந்தக் கதை கிடந்தது. அட்டையில் அதே ஆலை. ஆனால் செங்கல் கனம். நாங்கள் பள்ளியில் படித்தது அறுபது பக்கம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிய புத்தகம் அது என்று இந்த அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

கொமுட்டர் ரயிலில் போகும்போதும் வரும்போதும், போனில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது சொல் தெரியவில்லை. சென்ட்ரலில் இறங்க மறந்து பேங்க் நெகாரா வரை இரண்டு தடவை போனேன். "அங்கிள், எஸ்.பி.எம். பரீட்சை திரும்ப எழுதப் போறீங்களா லா?" என்று சல்மா கேலி செய்தாள்.

மகளே, கதவு சாத்தப்படுவது பதினான்காவது அத்தியாயத்தில். புத்தகத்தில் மொத்தம் முப்பத்திரண்டு இருக்கிறது.

பதினைந்தாவதை ஷா ஆலாம் தாண்டியதும் ஆரம்பித்தேன். மகள் தட்டியபோது வேலைக்காரி சன்னல் வழியாக, ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்கிறாள். ஐயா வெளியூர் போகவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்கிறார். மகள் அழாமல், அப்பா இருந்திருந்தால் திறந்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

அந்தப் பக்கத்தைக் கண்டதும் புத்தகத்தை மூடி மடியில் கவிழ்த்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். ஏதோ அசிங்கமான படம் பார்த்து மாட்டிக்கொண்டவன் போல எனக்கு வேர்த்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்துப்போன வெள்ளைக்காரனுக்கு என் வீட்டு விஷயம் எப்படித் தெரிந்தது?

உனக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் நானே எழுதிவிடுகிறேன். நீயும் எட்வினும் பதிவுத் திருமணம் முடித்து வந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அம்மா உன்னிடம் சொன்னதுபோல் நான் காப்பார் அத்தை வீட்டுக்குப் போயிருக்கவில்லை. வரவேற்பறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஆறு அடி இருக்கும். மழை பெய்தது. எட்வின் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு அவர் நனைந்துகொண்டிருந்தார். அம்மா கிரில் கதவைத் திறக்க ஓடி வந்தாள். நான்தான் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "நான் இல்லேன்னு சொல்லு. தொறக்க மாட்டேன்னு நீயே சொல்லு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சன்னலுக்குப் போய் அப்படியே சொன்னாள்.

பத்து நாள் கழித்து நீ எனக்குப் போன் செய்தாய். "அப்பா, நீங்க வீட்ல இருந்திருந்தா தொறந்திருப்பீங்க. எனக்குத் தெரியும்பா. அம்மாதான் கல்லு மாதிரி நின்னாங்க" என்றாய்.

நான் "ம்" என்றேன்.

அந்த ஓர் எழுத்தின் மேல்தான் ஐந்து வருடமாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உன் போன் எனக்கு, பிறந்தநாள் சட்டை எனக்கு, தாரா வாயால் தாத்தா என்ற சொல் எனக்கு. அம்மாவை நீ விசாரிப்பதில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை. இன்று வரை அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. ஒரு முறை மட்டும், "உங்ககிட்டயாவது பேசுறாளே, அது போதும்" என்றாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

போனைக் கோணலாகப் பிடிக்கிறேன், பாதி முகம்தான் தெரிகிறது என்று ஒவ்வொரு வாரமும் திட்டுகிறாயே, அம்மா என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள். உன் கண்ணில் படாமல் அவளுக்குத் தாராவைக் காட்டத்தான் அந்தக் கோணல். பிள்ளை பாடும்போது கைதட்ட முடியாமல் தொடையைத் தடவிக்கொண்டிருப்பாள். அந்த முட்டியோடு எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆகும்.

அந்த அத்தியாயத்துக்குப் பிறகு ஆலைக்காரர் எந்தக் கதவுக்கு முன் நின்றாலும், அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தெரிகிறது அவருக்கு. நான் வாங்கும் சம்பளமே எட்டு மாடிக் கதவுகளைச் சரிபார்க்கத்தான். இப்போது ஒவ்வொன்றையும் தட்டிவிட்டுக் காது வைக்கிறேன். "அங்கிள், காலி ரூம் அது" என்று சல்மா சொன்னாள். காலி என்று எனக்கும் தெரியும். மூச்சுச் சத்தம் கேட்கிறது. போன வாரம் கழிப்பறைக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன், உள்ளே ஒருவரும் இல்லை, அவசரம் எனக்குத்தான். சிரித்துக்கொள். ஆனால் வீட்டில் அந்தத் திரைப் பக்கம் பகலில்கூட என்னால் போக முடியவில்லை. அங்கே ஒருவன் நிற்கிறான். அவன் சட்டை எனக்குத் தெரியும், நான் போட்டிருந்ததுதான்.

இன்னும் நான்கு அத்தியாயம் மிச்சம். ஆலைக்காரர் மகளிடம் உண்மையைச் சொல்கிறாரா என்று தெரியாது. சொல்லியிருந்தால் நான் அவரைப் பார்த்துக் காப்பியடித்ததாகிவிடும். சொல்லாமல் செத்திருந்தால் எனக்குச் சாக்குக் கிடைத்துவிடும். அதனால் படிக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

உன்னிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு எனக்குப் போன் செய்யாதே, அம்மாவுக்குச் செய். அவளுடைய எண் மாறவில்லை. அவளுக்கு முதலில் பேச வராது, சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். தாராவிடம் சொல்லி ஒரு தடவை பாட்டி என்று கூப்பிடச் சொல். அன்றைக்கு நான் காய்கறி வாங்கப் பாசார் பக்கம் போய்விடுவேன். எதிரில் நான் இருந்தால் எனக்காகப் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

நீயும் எட்வினும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என்னை மன்னிப்பதற்கு அவசரமில்லை, உனக்கு முடிகிறபோது பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் மட்டும் இந்த ஞாயிறே பேசிவிடு, மகளே.

உன் அப்பா,
கமலநாதன்