நோன்பு மாதம் மட்டும் கற்ற மூளை

மார்ச் 9, ஞாயிறு
எட்டாம் நோன்பு. மூளை கற்கிற விதத்தைப் பார்த்துச் செய்த மென்பொருளாம், இலவசம். மூன்று நாள் மல்லுக்கட்டி இன்றுதான் ஓடியது. பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பு வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். நான் முதல் பக்கம் படிக்கிற ஆளா?

அண்ணன் அல் அமீனின் நாகல் நகர் பிரியாணிக் கடையில் கறி வைக்கும் குளிர் அறை. அதன் வெப்ப அளவை நிமிடத்துக்கு ஒன்றாக ஊட்டுகிறேன். வழக்கம் எது என்று அதுவே கற்றுக்கொள்ளும். வழக்கம் மாறினால் என் போனில் கத்தும்.

மார்ச் 27, வியாழன்
ஒரு வாரமாகக் கத்தவே இல்லை. "பாஸிலா செஞ்சது" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். செய்ததா? இணையத்திலிருந்து இறக்கியது. நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 2, புதன்
பெருநாள் முடிந்ததிலிருந்து ஓயாத கத்தல். காலை ஏழுக்கு, பதினொன்றுக்கு. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. எரிச்சலில் அலாரத்தை அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
ஐம்பது கிலோ கறி கெட்டுப்போச்சு.

"உன் மூளை ஒண்ணும் சொல்லலையா?" — அண்ணன், எல்லார் முன்னாலும். அணைச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல. "யாரோ கதவச் சாத்தல போல" என்றேன். யாரோவா? பதினாறு வருடமாகக் குளிர் அறைச் சாவி கடையில் வேலை பார்க்கிற முனியப்பன் அண்ணனிடம்தான்.

"சாத்திட்டுத்தான் போனேன் தங்கச்சி" என்றார். சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்
பதிவைத் திறந்து பார்த்தேன். கதவு திறந்தால் அளவு சட்டென்று ஏறும். அன்று மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. நின்றுபோனது குளிரூட்டும் இயந்திரம். மென்பொருள் நாற்பது தடவை கத்தியிருக்கிறது, போனில் சத்தத்தைத்தான் நான் அணைத்திருந்தேன்.

அதற்கு நோன்பு மாதத்தை மட்டுமே ஊட்டியிருக்கிறேன். பகலில் அடுப்பெரியாத, கறி எடுக்கக் குளிர் அறைக் கதவு திறக்காத கடைதான் அதற்கு வழக்கம். நோன்பு பிடிக்கிற வீட்டுப் பெண், எனக்கா இது தெரியவில்லை?

ஏப்ரல் 9
சொல்லவில்லை.

ஏப்ரல் 10
இன்றும் சொல்லவில்லை. சீ.

ஏப்ரல் 12, சனி
கொடைரோட்டில் முனியப்பன் அண்ணன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அழுதேன். தண்ணீர் கொடுத்தார். "பழிய அம்புட்டு பேரு முன்னாடி போட்ட. மன்னிப்ப மட்டும் ஒத்தையில வந்து கேக்குறியே."

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதுதான் காதில்.

ஏப்ரல் 13, ஞாயிறு
கடையில் மத்தியானக் கூட்டம். மாஸ்டர், பரிமாறுகிறவர்கள், சாப்பிட வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "நானே போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

மே 4, ஞாயிறு
முனியப்பன் அண்ணன் திரும்பி வந்து பத்து நாள். என்னோடு பேச்சில்லை. மென்பொருளுக்கு முதலிலிருந்து கற்பிக்கிறேன். இந்த முறை முதல் பக்கம் படித்தேன்.

காலை 6.10-க்குக் கத்தியது. ஓடினேன். அவர் சாவியோடு குளிர் அறை வாசலில் நின்றிருந்தார்.

"ஒரு சாண் தெறந்து கெடந்துச்சு. சாத்திட்டேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை. செத்த நேரம் முன்னால் அளவு பார்க்க உள்ளே போனது நான்.

"நாந்தாண்ணே" என்றேன். என் அண்ணன் கல்லாவில் இருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.