ஷெட்டிலேயே பழுத்த காய்

மார்ச் 4, திங்கள்

மழை விட்டது. ஓடையோர வாழை வரிசையில் ஒரு மரத்தின் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன. சில்வியோ தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறான், உள்ளே செம்பழுப்பு. கத்தியை அங்கேயே போட்டுவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

"வாடல் நோயா இருக்கலாம், நெரிடா."

நான் ஏதோ கிண்டல் சொன்னேன். என் கிண்டலுக்கு என் புருஷன் சிரிக்காதது புதிதல்ல. இன்று முகம்கூடச் சுளிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 6, புதன்

அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு — நிலாவில் இறங்கியவர்கள் மாதிரி. கேட்டில் எச்சரிக்கைப் பலகை, பக்கத்தில் கால் நனைக்க மருந்துத் தொட்டி. மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் ஊர் வம்பையெல்லாம் முதலில் பரப்பியவள் நான். இப்போது நானே வம்பு.

மார்ச் 7, வியாழன்

ஷெட்டில் காய் அடைக்கும் பேக்கிங் பிள்ளைகள் யாரும் வரவில்லை. இந்த நோய் மண்ணில் ஒட்டிப் பரவுவது; எங்கள் மண்ணை மிதித்த காலை வேறு எந்தப் பண்ணையும் உள்ளே விடாது. அந்தப் பிள்ளைகளுக்கும் பிழைப்பு இருக்கிறதே. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் ஓடியிருப்பேன். என் முழங்காலுக்கு ஓட்டம் ஏது? வேகமாக நடந்திருப்பேன்.

மார்ச் 11, திங்கள்

நாங்கள் இரண்டு பேர் எவ்வளவுதான் பெட்டியில் அடைப்பது! காய் பச்சையாகவே லாரி ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் வாழைக்காரன் ஷெட்டில் பழம் மஞ்சளானால் மானம் போன மாதிரி. இங்கே மஞ்சளும் தாண்டி, புள்ளி விழுந்து, கறுத்து, தேன் வடிகிறது. ஷெட் முழுக்கச் சாராயக்கடை வாசனை.

சில்வியோ மண்வெட்டியை எடுத்தான், பழத்தைப் புதைக்கக் குழி தோண்ட. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு இப்போ?" என்றான்.

"வாழைப்பழ பிரெட் போடுறேன்."

"இவ்வளவுக்குமா?"

முட்கரண்டியால் மசித்தேன், கை விட்டுப்போகும்வரை. வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, முட்டை, மாவு, சோடா மாவு. பழம் எவ்வளவு கறுப்போ பிரெட் அவ்வளவு ருசி. ஆனால் ஆசைப்பட்டு ஒரு பழம் கூடப் போட்டால் நடுவில் குழிந்துவிடும். நான் ஆசைப்பட்டேன். எல்லாமே குழிந்தன. நானும் அடுப்பு முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 16, சனி

ஊர் ஹாலில் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டும் கேக் விற்பனை மேசை. என் பங்குக்கு ஆறு பிரெட் கொடுத்தனுப்பியிருந்தேன். மேசைப் பொறுப்பு நாத்தனார் ரோசானாவுக்கு. அவளும் அவள் புருஷன் டிரெவரும் எங்கள் வேலிக்கு அடுத்த வாழைப் பண்ணை. நான் போய்ச் சேரும்போது யார் யாரோ செய்த ஸ்கோன் பன்களெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன. என் பிரெட்டைக் காணோம். குனிந்தேன். மேசைக்கு அடியில், துணி மூடி.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. ஜனங்க பயப்படறாங்க."

"எதுக்குடி பயம்? தின்னவன் இலை மஞ்சளாகித் தொங்கப் போறானா?"

"டின்னுல மண்ணு ஒட்டியிருந்தா? இங்க பாதிப் பேர் வாழைக்காரங்க."

"டின்னு என் அடுப்புக்குள்ள ஒரு மணி நேரம் வெந்துச்சு ரோசானா. நரகத்துல கிடந்த பாவிகூட அவ்வளவு சுத்தமா வெளிய வரமாட்டான்!"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கண் கலங்கி, "டிரெவர் உங்க வீட்டுச் சாமான் எதையும் தொடாதன்னு சொல்லிட்டார்" என்றாள். அவள் பிறந்த வீடு அது! ஆறையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று காரிலேயே அரை பிரெட் தின்றேன். கோபத்துக்கு வெண்ணெய்கூட வேண்டியிருக்கவில்லை.

சில்வியோவிடம் சொன்னபோது, "அவ செஞ்சது சரிதான்" என்றான். தங்கச்சிக்குப் பரிந்தா பேசுகிறான்? இல்லை. "இந்த நோய் டிரெவர் தோட்டத்துல வந்திருந்தா நானும் உன்னை அங்க விட்டிருக்க மாட்டேன்" என்றான். அப்படியே எழுந்து வரிசைகளைப் பார்க்கப் போய்விட்டான். ஒவ்வொரு மரமாக இலையைத் தூக்கிப் பார்க்கிறான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. என்ன கிடைக்கப் போகிறது அவனுக்கு?

மார்ச் 21, வியாழன்

ஃபோன் வந்தது. வாடல் நோய்தான்.

மார்ச் 22, வெள்ளி

ஓடையோரம் மட்டும்தானாம். அந்த மரங்களை அழித்து, வேலி போட்டு ஒதுக்கிவிட்டால், மேட்டு வரிசைகளின் காயைத் தொடர்ந்து விற்கலாம் என்கிறார்கள் அதிகாரிகள். விற்கலாம்தான், அடைப்பதற்கு ஆள் இருந்தால்.

"ஆள் கெடைக்கலைன்னா மாசக் கடைசியில பண்ணைய மூடிருவோம்" என்றான் சில்வியோ. ரொட்டிக்கடைக்குப் போய்வருகிறேன் என்கிற குரலில். நான் ஜோக் சொல்லப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. என்னடா இது, இந்த வாய்க்கே வாடல் வந்துவிட்டதா!

மார்ச் 24, ஞாயிறு

தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் அடித்தாயிற்று. எல்லோரும் ரொம்ப அன்பு. யாரும் வரவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

காலையில் கேட்டில் ரோசானா. காரை ரோட்டிலேயே நிறுத்தியிருந்தாள். கையில் புது ரப்பர் பூட்ஸ், விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டு. எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பூட்ஸ் திரும்ப வெளியே போகக் கூடாது; கடைசிவரை இங்கேதான் கிடக்க வேண்டும். புதுச் சட்டம். அவளுக்கும் தெரியும்.

"என்னடி இது?"

"மேட்டு வரிசைக்கு ஆள் வேணும்னு சொன்னீங்களாமே."

"இங்க வேலை செஞ்சா உங்க ஷெட்டுல கால் வைக்க முடியாது, தெரியும்ல?"

"டிரெவரும் அதத்தான் கத்துறார். கத்தட்டும். அவருக்குப் பேக்கிங் ஆள் கெடைக்கும். எங்கண்ணனுக்கு யாரு இருக்கா?" பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு. டீக்கு அந்த வாழைப்பழ பிரெட்ட மட்டும் எனக்கு வைக்காதீங்க அண்ணி. சத்தியமா எனக்கு அது எப்பவுமே புடிக்காது."

இத்தனை கிறிஸ்துமஸ்களிலும் இரண்டு துண்டு தின்று, "இன்னும் இருக்கா அண்ணி?" என்று கேட்டவள்!

சில்வியோ ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போய், காயைச் சுற்றிக் கொண்டுவரும் பேக்கிங் சக்கரத்துக்கு ஸ்விட்சைப் போட்டான். மூன்றே பேர், மெதுவாகத்தான் நகர்கிறது. சாயங்காலம் லாரி பாதி நிரம்பிப் போயிற்று, எல்லாமே பச்சைக் காய்.

இரவுக்குள் கேரட் கேக் ஒன்று செய்து பார்க்க வேண்டும்.