ஏழாவது மாடிக்கு வராத மெக்கானிக்

மார்ச் 3
சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் கட்டட லிஃப்ட் இன்று காலை இயற்கை எய்தியது. ஏழாவது மாடியிலிருந்து அம்மாவின் முழங்கால்கள் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கின்றன.
மெக்கானிக் கிடைக்க இரண்டு வாரமாகுமாம். "நீ லிஃப்ட் வேலைதானேடா கத்துக்கிற, என்னன்னு பாரேன்" என்றாள் அம்மா. புது லிஃப்ட் மாட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பழுது பார்க்க இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 5
பயிற்சிக்கூடத்தில் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனிகளைக் கேட்டார்களாம். மாட்டுவதற்கு ஆள் வரிசையில் நிற்கிறதாம்; நின்றுபோனதில் என்ன பழுது என்று சொல்லத்தான் ஆளே இல்லையாம். இனி பழுது கண்டுபிடித்தால்தான் சான்றிதழ். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே குப்பை கொட்ட வேண்டும்.
அம்மாவின் முழங்கால் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

மார்ச் 6
நாலாவது மாடிப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். ஜோக் எதுவும் வரவில்லை.

மார்ச் 10
தேர்வுக்காக ஆளுக்கொரு லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பழுதை ஒளித்துவைக்கச் சொன்னார் மாஸ்டர். எல்லாப் பலகையும் ஒரே அச்சு; நாளை கலைத்துக் கொடுப்பாராம்.
ஒளிப்பதா? பள்ளிக்கூட மணியின் நாக்கையே ஒளித்தவன் நான்! வயரின் மேல்தோலைச் சீவாமல் அப்படியே திருகாணியில் இறுக்கிவிட்டேன். பார்த்தால் பரம சாது. மின்சாரம் மட்டும் போகாது. எவன் தலையில் விடிகிறதோ, பாவம்.

மார்ச் 11
அநியாயம். எனக்கு வந்த பலகையில் பழுது வைத்தவன் மகா கொடூரன். ஒவ்வொரு வயரையும் உற்றுப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். எல்லாம் கல்லு மாதிரி. நேரம் முடிந்தது. தேறவில்லை.
அதே பலகையைச் சுருட்டையிடம் கொடுத்தார் மாஸ்டர். சுருட்டை என்றால் பக்கத்து மேசைக்காரி. மின்சாரம் போகிறதா என்று மீட்டரை முனை முனையாக வைத்துக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். "இங்கதான் போகல." திருகாணியைக் கழற்றினாள்.
உள்ளே என்ன இருந்தது? எழுத மாட்டேன் போ.

மார்ச் 17
மெக்கானிக் இன்னும் வரவில்லை. அம்மாவின் பையை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். தேர்வு என்னாச்சு என்று கேட்டாள். இன்னும் ஆறு மாதம் என்றேன். "அவ்வளவு கஷ்டமாவா வச்சிருந்தாங்க?"
ஆறாவது மாடி வரை யோசித்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.
திருகாணிக்குள் சீவாத வயர்தான் இருந்தது. அது என் பலகை. கொடூரன் நான்தான்.
அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தமுறை முழங்காலால் இல்லை, சிரித்துச் சிரித்து.