பெயின்ற் உரிந்த விமானம்

கீரி, மன்னார்
08.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கோபம் தணிய வேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் நான் இரண்டு சொல் சொல்வதற்குள் நீங்கள் கத்துகிறீர்கள், பிறகு நானும் கத்துகிறேன். கடிதம் என்றால் கடைசிவரை கேட்டே ஆகவேண்டும்.

உங்களிடம் வர கட்டுநாயக்கா விமான நிலையம்வரை போனவள் ஏன் திரும்பி வந்தாள் என்று கேட்டீர்கள். கண்ணாடிக்கு அப்பால் நான் ஏற வேண்டிய விமானம் நின்றது. மூக்கெல்லாம் வெளிறி, இறக்கையில் பெயின்ற் பாளம் பாளமாக உரிந்து, அதன்மேல் வெள்ளி நிறத்தில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார்கள். எங்கள் அப்பா ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு முதல் வள்ளத்தைக் கரையேற்றி, சுரண்டி, பெயின்ற் அடித்து, பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்த பிறகுதான் கடலில் இறக்குவார். பெயின்ற் பொக்களித்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதாலதான் பிள்ளை, வள்ளம் தண்ணி குடிக்கும். இதில கால் வைக்காத" என்பார். அவர் மகள் அந்த விமானத்தில் எப்படி ஏறுவாள்? அங்கேயே பெட்டியை இறக்கித் தரச் சொல்லிவிட்டு மன்னார் பஸ் எடுத்தேன்.

மகள் ஜெனுஷா வெள்ளாங்குளத்திலிருந்து வந்து சிரித்துவிட்டுப் போனாள். நீங்களும் சிரியுங்கள், பரவாயில்லை.

உங்கள்,
அஞ்சலா

ஷார்ஜா
04.03.2025

அன்பின் அஞ்சலா,

சிரிக்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடமாக விமானத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவனின் மனைவி, பெயின்றைப் பார்த்துப் பயந்து ஓடினாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

மாமா சொன்னது வள்ளத்துக்குச் சரி. வள்ளத்துக்குப் பெயின்ற் தோல் மாதிரி, உரிந்தால் தண்ணீர் உள்ளே போகும். விமானத்துக்கு அது சட்டை. மேலே வெயில் பொல்லாதது. மழைத்துளியும் மணலும் மூக்கில் வந்து அறையும். பறக்கும்போது இறக்கை வளைந்து கொடுக்கும், பெயின்றுக்கு அவ்வளவு வளையத் தெரியாது, வெடித்து உரியும். நீ பிளாஸ்ரர் என்றது, உரிந்த இடத்தில் வெயில் படாமல் ஒட்டும் அலுமினிய நாடா. உள்ளே இருப்பதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், விளக்கும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். எங்களிடம் ஒரு விமானம் ஆறேழு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதுவரை பழைய சட்டையோடுதான் பறக்கும்.

அஞ்சலா, கம்பனி தந்த குடும்ப அறையை ஜூன் முதலாம் திகதிவரைதான் வைத்திருப்பார்கள். அதற்குள் நீ வராவிட்டால் வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். பிறகு எனக்குப் பழையபடி எட்டுப் பேர் படுக்கும் அறைதான். ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டேன். நீ வரவேண்டும்.

உன்,
றெனால்ட்

கீரி
29.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், புருஷனுக்கு அரைப் பொய் சொன்னேன் என்றேன். சுவாமி கேட்டுவிட்டு, "இதை எனக்குச் சொல்லி என்ன? றெனால்டுக்கெல்லோ எழுதோணும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

பெயின்றுக்குப் பயந்தது உண்மை. ஆனால் அதற்கு முதல் விமான நிலையத்தில் முகம் கழுவப் போனேன். தலைநரைக்குப் போட்ட டை வியர்வையில் கரைந்து நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. ஐந்து வருடத்துக்கு முதல் லீவில் வந்து நீங்கள் விட்டுப் போன அஞ்சலாவை அந்தக் கண்ணாடியில் காணவில்லை. வீடியோவில் நான் எப்போதும் கூரையைத்தானே காட்டுவேன், சிக்னல் இல்லை என்று சொல்லி. நீங்கள் என்னைக் கண்டதும் உங்கள் முகம் மாறினால் நான் தாங்க மாட்டேன், அத்தான். அந்த நேரம் பார்த்து அந்த விமானம் வந்து நின்றது. நல்ல சாட்டு என்று பிடித்துக்கொண்டேன்.

திரைச்சீலை என்ன நிறம்?

அஞ்சலா

ஷார்ஜா
23.04.2025

அன்பின் அஞ்சலா,

நீல நிறம்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். தொப்பி இல்லாமல் எடுத்தது. வீடியோவில் நான் ஏன் எந்த நேரமும் தொப்பியோடு இருக்கிறேன் என்று நீ கேட்காதது உன் நல்ல குணம். உச்சியில் ஒன்றும் மிச்சமில்லை. முன்பல் இரண்டும் போன வருடம் போய்விட்டன, இருப்பது கட்டின பல். கூட வேலை செய்கிற ரவிசந்திரன் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன், நீங்களும் பெயின்ற் அடிக்க வந்து நிக்கிற பிளேன் மாதிரி இருக்கிறீங்கள்" என்றான்.

இனி நீ பார்த்து முடிவு எடு. உன்னை இங்கே விமான நிலைய வாசலில் காண எனக்கு ஆசை, வேறொன்றும் இல்லை.

உன்,
றெனால்ட்

விமானத்தில், ஜன்னலோரம்
24.05.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் உங்கள் கையில் தருவேன்.

இதுவும் அதே மாதிரி விமானம்தான். பக்கத்தில் இறக்கை, அதில் ஐந்து இடத்தில் நாடா. எண்ணிவிட்டேன். ஏறும்போது கதவோரம் பெயின்ற் தேய்ந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அங்கே நின்ற விமானப் பணிப்பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அடியில் உலோகம் பளிச்சென்று இருந்தது. இது தண்ணீர் குடிக்கவில்லை.

தலைக்கு டை போடவில்லை. நீங்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்றே இதை வாசியுங்கள். உங்களையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட வருவேன்.

அஞ்சலா