ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கல்யாணம்

4.9.2012, செவ்வாய்
தாலி கட்டும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. இன்றைக்கு இரண்டாவது தடவை. கடலூரில் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கிறது, ஒரு மணி நேரம் இல்லை. நான் எடிட் செய்த கல்யாண வீடியோவை ரெண்டர் பண்ணி, அதாவது ஒரே படமாகக் கோத்து, வெளியே எடுக்கவோ மூன்று மணி நேரம் வேண்டும். எங்கே உருப்படுவது?

அடுத்த புதனுக்குள் இதை முடித்தால், சிதம்பரம் ஸ்டுடியோ மணவாளன் தன் வீடியோ மிக்சிங் வேலை முழுவதும் எனக்கே தருவாராம். இல்லையென்றால் கேமரா பிடிக்கும் என் வீட்டுக்காரர் இளவரசு பிழைப்புக்காகத் துபாய்க்குப் போவார். போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5.9.2012
சேர்த்த பணத்தில் இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றார் வீட்டுக்காரர்.
“அதுக்கு சார்ஜ் ஏறவே கரண்ட் இல்லியே மாமா!”
அந்தப் பணத்தில் கம்ப்யூட்டரின் பிராசசரை மாற்றி வேகமாக்கலாம் என்று அடம் பிடித்தேன்.

8.9.2012, சனி
சிதம்பரத்தில் பூவராகன் அண்ணனின் கம்ப்யூட்டர் கடை. எனக்கு ஐ5 பிராசசர் மேல் ஆசை.
“அதுக்கு போர்டு, ரேமு எல்லாம் மாத்தணும்மா, செலவு ஜாஸ்தி. ஒன்னோடது ஒத்தக் கோரு பிராசசரு. இந்த நாலு கோரு ஒம் பழைய போர்டுலயே ஒக்காரும்.”
ஆசையைக் கடையிலேயே விட்டுவிட்டு, நாலு கோரை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

9.9.2012
மாமாதான் மாட்டினார். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டப்பென்று அணைந்தது. கரண்ட் இருக்கிறது! மறுபடி. மறுபடி. ஐயோ, வெல கொறச்சல்னு வாங்கித் தொலச்சிட்டேனா? நாந்தானே அடம் புடிச்சேன்? மாமா பூவராகன் அண்ணனுக்குப் போன் போட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

10.9.2012
அண்ணன் வந்து பிராசசர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றினார். பிராசசர் நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்! அதனால்தான் சூடு இறங்காமல் அணைந்திருக்கிறது. நேற்று மாட்டுவதற்கு முன், நான் குளிக்கப் போன நேரத்தில் என் மாமியார் வைத்திருக்கிறார்.
“புதுச் சாமானுக்குப் பொட்டு வக்காம மாட்டுவாங்களா?”
மாமாவோ அதைச் சூடு தணிக்கிற பேஸ்ட் என்று நினைத்து, அப்படியே மாட்டிவிட்டாராம்.
“செவப்புப் பொட்டு கூடவா கம்பெனில வச்சி அனுப்புவாங்க?” என்றேன்.
அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு துடைத்து, நிஜப் பேஸ்ட் தடவி மாட்டினார். கரண்ட் போவதற்குள் முழுக் கல்யாணமும் வெளியே வந்துவிட்டது! தாலி ஏறும்போது கெட்டிமேளம் அச்சாக அதே இடத்தில். அழுதேவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

12.9.2012, புதன்
மணவாளன் டிவிடியைப் போட்டுப் பார்த்தார். இன்னும் மூன்று கல்யாணத்து டேப்பை மேஜைமேல் வைத்தார்.

28.10.2012, ஞாயிறு
மணவாளன் இப்போது கேமராவுக்கும் மாமாவையே கூப்பிடுகிறார். காலையில் தேவனாம்பட்டினம் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது துபாய் ஏஜென்ட்டிடமிருந்து போன். கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:
“இல்லண்ணே, வர முடியாது. எனக்கு இங்க லீவே குடுக்க மாட்டேங்கறாங்க.”