உங்கப்பா கல்லுக்கு அளவெடுத்த கதை

என் அருமைக் கொக்கு,

நாங்க ரெண்டு பேரும் இங்க கை கால் ஒழுங்கா சௌக்கியமா இருக்கோம். நீயும் அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி கிளி இல்லாம இருப்பேன்னு நம்புறேன். நம்புறேன்னுதான் சொல்றேன், நிச்சயம்னு சொல்லலை. போன்ல பேசினா ம்ம் ம்ம்னு கேட்டுட்டு, முக்கியமான இடம் வரும்போது மீட்டிங் வந்துடுச்சும்மான்னு வச்சிடுற. அதான் எழுதுறேன், காகிதத்தை நடுவுல வைக்க முடியாது பாரு.

விஷயம் என்னன்னா, சமையல் மேடையை மாத்தியாச்சு. இந்த வீட்டை நமக்கு வித்தவர் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார், தெரியும்ல, அவர் உயரத்துக்கு மேடையைக் கட்டி வச்சிட்டுப் போயிட்டார். எனக்கு அது நெஞ்சு வரைக்கும் வரும். வந்த நாள்லேர்ந்து பலகை மேல ஏறி நின்னுதான் சமைக்கிறேன். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவுல ஏறி இறங்கி ஏறி இறங்கி, சமையலா சர்க்கஸான்னு எனக்கே தெரியாது. அந்த மேடை வெடிச்சு தண்ணி கீழ ஒழுக ஆரம்பிச்சதும் வெளியில அய்யோன்னேன், உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். புதுசா போடும்போது என் உயரத்துக்குப் போடணும், கால் தரையில இருக்க நின்னு சமைக்கணும், அது ஒண்ணுதான் என் ஆசைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், அத்தனை பேருக்கும் கருத்து பொத்துக்கிட்டு வந்துடுச்சு. மேஸ்திரி, எல்லா வீட்லயும் ஒரே உயரம்தாம்மா, குறைச்சா அடியில சாமான் வைக்க இடம் போயிடும்னார். உன் சித்தப்பா, நாளைக்கு வீட்டை வித்தா குள்ள மேடையை எவன் வாங்குவான்னார். வீட்டை யார் விக்கப் போறா, இவர் ஏன் கடைசிப் பந்தியில உக்காந்து சட்டம் பேசுறார்? சரி, அவரை விடு, பெத்த பிள்ளை நீ என்ன சொன்ன? எல்லா வீட்டு உயரமே இருக்கட்டும்மா, நான் வந்தா எனக்கு இடுப்பு வலிக்கும்னு சொன்ன. எப்பவாவது வந்து, வந்தப்பவும் தண்ணி குடிக்க மட்டும் சமையலறைக்குள்ள எட்டிப் பார்க்குற துரைக்கு இடுப்பு வலியாம்! உங்கப்பா வாயே திறக்கலை. கேட்டா வாயில குண்டூசி இருக்குன்னு ஜாடை காட்டுறார், பதில் சொல்லாம தப்பிக்கத் தையல்காரங்களுக்கு இது ஒரு வசதி. ஊரே ஒரு பக்கம் நின்னா நான் ஒருத்தி என்ன பண்றது, உயரத்தை விட்டுத் தொலைச்சேன், நிறத்தையாவது நான்தான் சொல்லுவேன்னு பிடிவாதமா நின்னேன். ஆனா மனசு ஆறலைடா, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு.

கல் கடைக்குப் போன கூத்தைக் கேளு. குவார்ட்ஸ் கல்லெல்லாம் கதவு மாதிரி வரிசையா நிக்குது. உங்கப்பா போய் ஒவ்வொண்ணோட ஓரத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பார்க்குறார். சாயம் போகுமான்னு வேற கேக்குறார். அந்தக் கடைப் பொண்ணு சிரிப்பை முழுங்கிக்கிட்டு, இது கல்லைத் தூளாக்கிப் பசை சேர்த்து அழுத்திச் செய்யுறது சார், கறை உள்ள இறங்காது, ஆனா சூடான பாத்திரத்தை மட்டும் நேரா வைக்காதீங்கன்னு பொறுமையா சொல்லுச்சு. இவர் ரொம்பப் புரிஞ்சவர் மாதிரி தலையாட்டி, அப்ப இஸ்திரி மிதமான சூட்டுலதான்னார். பூமி பிளந்து என்னை உள்ள இழுத்துக்காதான்னு இருந்துச்சு. அதோட விட்டாரா, கடை விளக்குல நிறம் ஏமாத்தும், வெயில்ல பார்க்கணும்னு உள்ளங்கை அளவு சாம்பிள் துண்டெல்லாம் அள்ளிக்கிட்டு வாசலுக்கு நடக்குறார், காவலாளி திருட்டுன்னு நினைச்சுப் பின்னாடியே ஓடுறான். சாம்பிளை வீட்டுக்கும் கொண்டுவந்தோம். சன்னல் ஓரத்துல அடுக்கி வச்சு டீ ஊத்தி, பீட்ரூட் தேய்ச்சு, மை சிந்தி சோதனை பண்ணினார். கல்லுல ஒண்ணும் ஒட்டலை, சன்னல் கட்டையிலதான் கறை இன்னும் போகலை. எனக்கு வெள்ளையில சாம்பல் கோடு ஓடுறது பிடிச்சிருந்தது. சின்னத் துண்டுல அழகா ஒரு நூல் மாதிரி இருந்துச்சு, முழுக் கல்லைப் போய்ப் பார்த்தா கோடு கோணல்மாணலா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுது. வெடிச்சுப் போச்சுன்னுதானே மேடையை மாத்துறோம், காசு குடுத்து வெடிச்ச மாதிரியே ஒண்ணு வாங்கணுமான்னு கேட்டார். கேட்டது நியாயம்தான், அதனால எனக்குக் கோவம் ரெண்டு மடங்கு. கடைசியில பால் வெள்ளையில பொடிப் பொடியா மினுக்குற கல்லை எடுத்தேன். அதுல சர்க்கரை சிந்தினா என் கண்ணுக்குத் தெரியாது, எறும்புக்குத் தெரியும்.

அப்புறம் மேஸ்திரி நீளம் அகலம் அளக்க வரேன்னார். உங்கப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஊருக்கே அளவெடுக்குறவன் வீட்டுக்கு இன்னொருத்தன் வந்து அளவெடுக்குறதா, கேவலம்னு சொல்லிட்டு கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து அவரே அளந்து கடைக்கும் சொல்லிட்டார். பழைய மேடையை இடிக்கிற தூசி எனக்கு இருமலைக் கிளப்பும்னு நான் உன் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு, கல்லு வர்ற அன்னைக்குத்தான் திரும்பினேன். நாலு ஆளு தூக்கிட்டு வராங்க, கல்லு சுவருக்கும் சுவருக்கும் நடுவுல இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை அதிகம். மேஸ்திரி தலையைச் சொறியுறார். இவர் சாவகாசமா, அது உள்ள மடிச்சுத் தைக்க விட்டது, பின்னால உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல, பழக்க தோஷத்துல சேர்த்துச் சொல்லிட்டேன்னார். சுவர் உடம்பு போடுமாடா? கல்லைத் தூக்கிட்டு நின்ன ஆளுங்க சிரிச்ச சிரிப்புல கல்லே விழுந்திருக்கும். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், மேஸ்திரி முன்னாடியே வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன், அளவெடுக்கத் தெரியாத மனுஷனுக்கு டேப் எதுக்குன்னு கேட்டுட்டேன். ஆளுங்க வழியை அடைச்சுக்கிட்டு நின்னதால உள்ள எட்டிக்கூடப் பார்க்கலை, முன் அறையில போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அவங்க வெளியில வச்சு அறுத்துச் சரி பண்ணினாங்க. பக்கத்துல நின்னு மேற்பார்வை பார்த்த உங்கப்பா, புருவம் வரைக்கும் வெள்ளையா மாவு டப்பாவுல விழுந்தவர் மாதிரி ஆயிட்டார்.

எல்லாரும் போனப்புறம், சரி என்னதான் ஆச்சுன்னு உள்ள போனேன். கல்லு மேல கையை வச்சேன். தோளைத் தூக்காம, எக்காம, கை அதுபாட்டுக்குப் போய் உக்காந்துச்சுடா. குனிஞ்சு பார்க்குறேன், என் ரெண்டு காலும் தரையில இருக்கு. நான் ஊர்ல இல்லாதப்ப உங்கப்பா என் முழங்கை உயரத்தைச் சொல்லி அடிச் சுவரைக் கட்ட வச்சிருக்கார். மேஸ்திரி சண்டை போட்டிருக்கார், உன் சித்தப்பாவும் போன் பண்ணி நியாயம் பேசியிருக்கார். போட்டுக்கிறவளுக்குத்தான் அளவு, பார்க்குறவனுக்கு இல்லைன்னு இவர் ஒரே பேச்சா சொல்லிட்டாராம். என்னை அளக்கவே இல்லையேன்னு கேட்டேன். உனக்குத் தைக்கிறவன் நான்தானே, டேப் எதுக்குன்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோஷம்தான், வேற என்ன. காலையில வாங்கின வாங்குக்கெல்லாம் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை மனுஷன், அது இன்னும் ஜாஸ்தியா அழ வச்சுது.

ஆனா அழுகை நின்னதும் நான் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிட்டேன். இப்ப ராத்திரிப் பாத்திரம் அவர்தான் கழுவுறார். அவர் உயரத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு பிடிச்சுக்குது, ஆனா தானே வச்ச மேடைங்கிறதால முனகக்கூட முடியலை அவரால. நான் பக்கத்துல நின்னு துடைச்சு அடுக்குறேன், நிமிர்ந்து நின்னு.

நோய் நொடி இல்லாம, கேட்டது கிடைச்சு, நினைச்சது நடந்து நீ நல்லா இருக்கணும். குளிர்ல காதை மூடாம வெளிய போகாதே, இதையும் ம்ம் ம்ம்னு படிச்சிட்டுப் போகாதே. டிக்கெட் போட்டதும் சொல்லு. வந்ததும் முதல் காபி நீதான் போடுற. இடுப்பு வலிச்சா வலிக்கட்டும், இந்த வீட்டுச் சமையலறையில இனிமே குனிய வேண்டியது நீங்கதான்.

இப்படிக்கு,
தரையில் நிற்கும் உன் அம்மா