எங்க ஆளுங்க, உங்க ஆளுங்க

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தேன். சந்தாபுராவிலிருந்து அல்சூர் போக இரண்டு பஸ். அத்தனை தூரம் வருவது உன் மீன் குழம்புக்காகத்தான் என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் சண்டைக்காக.

சண்டை எப்போதும் ஒன்றுதான். அண்ணன் பீட்டில்ஸ் கட்சி. நான் ரோலிங் ஸ்டோன்ஸ் கட்சி. இரண்டும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாட்டு கோஷ்டி. எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷும் சரியாக வராது, கிடார் பிடிக்கவும் தெரியாது. கேஜிஎஃப் தங்கச் சுரங்க ஊரில் பக்கத்து பங்களாவிலிருந்த சட்டைக்கார, ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது ரெக்கார்டு பிளேயரையும் இரண்டு பாட்டுத் தட்டையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. மேலே இருந்த தட்டை அண்ணன் பிடுங்கிக்கொண்டது. மிச்சம் எனக்கு. மாற்றி எடுத்திருந்தால் நான் பீட்டில்ஸுக்காக உயிரைக் கொடுத்திருப்பேன். இதை அண்ணனிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

"உலகத்துல கிடார் தூக்கினவன் எல்லாம் எங்க ஆளுங்களைப் பாத்துதான் தூக்கினான்டீ. முடி வெட்டிக்கிட்டதுகூட அவங்களைப் பாத்துதான்."

"உங்க ஆளுங்க பத்து வருஷம் தாங்கல, ஆளுக்கொரு மூலைக்குப் போய்ட்டாங்க. எங்க ஆளுங்க எம்பது வயசுலயும் மேடையில குதிக்கிறாங்க. நீ அறுவதுலயே மெட்ரோ படி ஏற முடியாம நிக்கிற."

கடைசியில் அண்ணன் துருப்புச் சீட்டை இறக்கும். "ஆரம்பத்துல உங்க ஆளுங்களுக்குப் பாட்டு எழுதிக் குடுத்ததே எங்க ஆளுங்கதான். இரவல் கோஷ்டி!"

நானும் என்னுடையதை இறக்குவேன். "பழைய பொடவையைக் குடுக்கிற மாதிரி குடுத்தாங்க. கட்டினப்புறம் பாத்தா, குடுத்தவளைவிட எங்களுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு."

அண்ணி கரண்டியோடு வந்தாள். "ரெண்டு பேரும் அந்த வெள்ளைக்காரங்களையே கட்டிக்கிட்டு அழுங்க. கொழம்பு ஆறுது."

அண்ணன் பாதிச் சோற்றை வைத்துவிட்டது. வயிற்றுவலியாம். அதன் மீனையும் நான் தின்றேன்.

ஜனவரி 20, திங்கள்

விக்கி போன் செய்தான். அண்ணன் மகன். "அத்தை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. அப்பாகிட்ட சொல்லாத." ஏன்டா என்றால் வா என்கிறான்.

ஜனவரி 21, செவ்வாய்

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டதாம். ஆபரேஷன் செய்ய முடியாதாம். டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியில் பல் பதிந்த தடம். படித்தவர்களும் கடிக்கிறார்கள்.

வெளியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியக் கூடாது சரளா. உங்க சித்தப்பாவுக்குச் சொன்னாங்களே, அன்னைக்கே படுத்தாரு, சோறு வேணாம்னாரு. இவர் சாப்பிடணும், சிரிக்கணும். நான் அல்சர்னு சொல்லிக்கிறேன். நீ வழக்கம்போல வந்து சண்டை போடு. நீ சண்டை போட்டாதான் அவர் நம்புவாரு."

சரி அண்ணி என்றேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஜனவரி 23, வியாழன்

தொம்மலூர் ஆபீஸ், நான் டீ போட்டுக் கொடுக்கிற இடம். பேன்ட்ரியில் பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் ஓடியிருக்கிறது. நான் அடுப்பு முன்னாலேயே நின்றிருக்கிறேன். கூட வேலை செய்யும் மமதா வந்து அடுப்பை அணைத்தாள். "ஏனக்கா, மை உஷாரில்வா?" என்று கன்னடத்தில் கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். "மேனேஜர் புது பேன்ட் போட்டுட்டு வந்துக்கிறாரு, நீ ஒண்ணுமே கிண்டல் பண்ணலியே அக்கா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். புது பேன்ட்தான். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

போனேன். சண்டை போட்டேன். எல்லாம் சரியான இடத்தில் சொன்னேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். அண்ணி சமையலறையிலிருந்து தலையை ஆட்டினாள், நன்றாகச் செய்தாய் என்கிற மாதிரி.

ரெக்கார்டு பிளேயருக்கும் இப்படித்தான் இருக்குமோ?

பிப்ரவரி 2, ஞாயிறு

அண்ணனுக்கு வாட்ச் பெரிதாகிவிட்டது. முழங்கை வரை ஏறி இறங்குகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன்.

அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சோபாவில். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு வழக்கமான ரோட்டில்தான் போனது. முடி வெட்டு, கிடார், அப்புறம் இரவல். "இரவல் கோஷ்டி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தது. புடவைப் பதிலை நான் எடுக்க வேண்டிய இடம்.

அந்த வாட்ச் மறுபடியும் நழுவியது. அண்ணனுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. என் கையில் வேறு என்ன இருக்கிறது?

"ஆமாண்ணா. உங்க ஆளுங்கதான் பெரியவங்க. ஒத்துக்கறேன்" என்றேன்.

சந்தோஷப்படும் என்று நினைத்தேன். மாதா சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தை நிறுத்தியது.

"இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லண்ணா."

"அப்பா சாகக் கெடந்தப்பகூட நீ ஒத்துக்கல. உன் கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாடி கேட்டேன், அப்பவும் ஒத்துக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "டாக்டர் எவ்ளோ நாள்னாரு?"

"என்னாண்ணா இது, அல்சருக்குப் போய் நாள் சொல்வாங்களா?" வாய் சொல்லிவிட்டது. முகம் என்ன சொன்னதோ.

அண்ணன் சத்தமில்லாத டிவியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றது. அப்போது மணி மதியம் மூன்றுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

அண்ணி போன் செய்யவில்லை. அப்படியென்றால் அண்ணன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

சாப்பிடுகிறதா என்று விக்கியிடம் கேட்டேன். ரசம் சாதம் இரண்டு வாயாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகவில்லை. நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம் தின்றிருக்கிறேன். தோலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணனே போன் செய்தது. குரல் மெலிந்துதான் இருந்தது, திமிர் குறையவில்லை. "இன்னாடீ, காய்ச்சலா? இல்ல தோத்துட்டு மூஞ்சி காட்ட வெக்கமா? டிவிகூட சண்டை போட்டுட்டுக்கறேன் இங்க. வா."

பிப்ரவரி 23, ஞாயிறு

போனேன். அண்ணியைக் கடைக்கு அனுப்பிவிட்டு அண்ணன் பேசியது. ரொம்ப நாளாக யோசித்து வைத்தது போல, நிறுத்தி நிறுத்தி.

"எனக்குத் தெரியும்னு உன் அண்ணிக்குத் தெரியக் கூடாது. அல்சர் அல்சர்னு சொல்லி ரசஞ்சோறு ஊட்டறா. அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டுதான் அவ நடமாடறா. அதைத் தொடாத."

"சரிண்ணா."

"நான் சாப்பிடறேன். அவளுக்காகச் சாப்பிடறேன். ஆனா நீ எனக்குப் பரிதாபப்படாத. இன்னொரு வாட்டி விட்டுக்குடுத்தேன்னா வாசல்லயே திருப்பி அனுப்புவேன். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அண்ணியும், அண்ணியைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும். மூன்று பேர் நடிக்கிற நாடகம். பார்க்க ஆள் இல்லை.

"சரி, ஆரம்பி" என்றது.

"உங்க ஆளுங்க இந்தியாவுக்கு வந்து சாமியார்கிட்ட உக்காந்தாங்கன்னு பீத்திக்குவியே. அதுல ஒருத்தரு சாப்பாடு ஒத்துக்காம முன்னாடியே ஊருக்கு ஓடிட்டாராமே. உன்னை மாதிரியே ரசஞ்சோறு ஆளு."

அண்ணன் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வலியா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதானே பேச்சு.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஃபாதர் நெற்றியில் சாம்பல் இட்டார். மண்ணுக்குத் திரும்புவாய் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் பேசுவது குறைந்துவிட்டது. நான் இரண்டு பங்கும் பேசினேன். அதன் கட்சியை நான் கொஞ்சம் மட்டமாகப் பேசினால் விரலை ஆட்டித் திருத்தும்.

அண்ணி நடுவில் வந்து போர்வையைச் சரிசெய்தாள். "அல்சர் ஆறட்டும், அப்புறம் கத்துங்க ரெண்டு பேரும்" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்துத் தலையாட்டியது. அவ்வளவு நல்ல பிள்ளையாக.

மார்ச் 30, ஞாயிறு

கண் மூடியே இருந்தது. காதோரம் குனிந்து சொன்னேன். "எங்க ஆளுங்கதான் பெரியவங்க."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் எனக்குத் தெரியாதா அது என்ன வார்த்தை என்று.

இரவல்.

ஏப்ரல் 4, வெள்ளி

போன் வந்தபோது டீ டிரே கையில் இருந்தது. அண்ணன் காலையில் போய்விட்டதாம். மிச்ச மேஜைகளுக்கும் டீ கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒருவர் சர்க்கரை கம்மி என்றார். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

அடக்கம் முடிந்தது. மண் போட்டேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. அல்சூர் பஸ் வந்தது. ஏறவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மமதா என் மாதிரியே மேனேஜரைக் கிண்டல் செய்தாள். நன்றாகத்தான் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசை. பிறகு வீட்டில் சாப்பாடு. சொந்தக்காரர்கள், அண்ணனோடு ஒயரிங் வேலை செய்தவர்கள், முன்னறை நிறைய ஆட்கள். கட்டில் இருந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் விக்கி, "அத்தை, அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு" என்றான்.

எழுந்து நின்றேன். அன்பானவர், கடவுள் பயம் உள்ளவர் என்று எல்லாரும் சொல்வதுபோலச் சொல்லலாம் என்றுதான் நின்றேன். சுவரில் போட்டோவில் மாலையோடு அண்ணன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஆரம்பி என்கிற முகம்.

"ரோலிங் ஸ்டோன்ஸ்தான் பெரியவங்க" என்றேன்.

 ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டார். விக்கி தலையைக் குனிந்துகொண்டான். நான் காத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பதில் வராது என்று தெரியும். இருந்தும் காலை மடக்கி உட்கார முடியவில்லை.

சமையலறை வாசலில் கரண்டி சத்தம் நின்றது.

"யாரு?" என்றாள் அண்ணி. "பாட்டை இரவல் வாங்கிப் பாடினவங்களா?"

திரும்பினேன். முப்பது வருஷமாக வெள்ளைக்காரக் கூச்சல் என்று காதைப் பொத்திக்கொண்டவள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள். அண்ணன் சொல்வது போலவே தாடையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்.

"பழைய பொடவைய..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அண்ணி வந்து என்னை உட்கார வைத்தாள். என் தட்டில் மீன் குழம்பு ஊற்றினாள். என் காதருகில் மட்டும், "அல்சர்னு அவர் நம்பலன்னு எனக்குத் தெரியும் சரளா. வெறும் அல்சர்னு நம்பியிருந்தா, நான் ஊட்டினப்போ ஒரு நாளாவது காரம் கேட்டிருக்க மாட்டாரா?" என்றாள்.

தின்றேன். ருசி தெரிந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், முந்தானை நனைந்து உப்புக் கோடு விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முடி வெட்டு விஷயம் தெரியுமா, தெரியவில்லை. கேட்க வேண்டும்.